கெக்கோ கூண்டுக்குள் தொட்டிச் செடி: எந்த மண், எவ்வளவு தண்ணீர்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு டொரொண்டோவில் ஓர் அடுக்குமாடி வீடு. 45×45×60 செ.மீ. கண்ணாடிக் கூண்டில் ஒரு கிரெஸ்டட் கெக்கோ, அதாவது ஒரு வகைப் பல்லி. உள்ளே மூன்று தொட்டிகள்: அடியில் ஓட்டை இல்லாத பீங்கான் தொட்டியில் மணி பிளான்ட், ஆழம் குறைந்த மண்சட்டியில் ஸ்நேக் பிளான்ட், பிளாஸ்டிக் தொட்டியில் பாஸ்டன் ஃபெர்ன். மூன்றுக்கும் கடையில் வாங்கிய ஒரே பாட்டிங் மிக்ஸ். வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றுகிறார். கெக்கோவுக்காகக் காலையும் இரவும் ஸ்ப்ரே செய்கிறார். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடுவதால் ஈரப்பதம் நிற்பதில்லை என்று மேல்வலையில் முக்கால்வாசியைப் பிளாஸ்டிக் தாளால் மூடியிருக்கிறார். இப்போது மணி பிளான்டின் அடி இலைகள் மஞ்சளாகின்றன, மண் நாறுகிறது, கறுப்பாகப் பொடி ஈக்கள் பறக்கின்றன. "எந்த மண் போடலாம்? எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும்?"

இரண்டாவது கேள்விக்கு நாள் கணக்கில் பதில் கிடையாது. யாராவது "பத்து நாளுக்கு ஒருமுறை" என்று சொன்னால் அவர் உங்கள் கூண்டைப் பற்றிப் பேசவில்லை, தன் கூண்டைப் பற்றிப் பேசுகிறார். மண்ணைப் பற்றி நிறையச் சொல்லலாம். ஆனால் அதற்கு முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஸ்ப்ரே கெக்கோவுக்கு, ஊற்றும் தண்ணீர் செடிக்கு. இரண்டும் தனித்தனிக் கணக்கு. உங்கள் கூண்டில் இரண்டும் ஒரே மண்ணில் போய் விழுகின்றன. மஞ்சள் இலை, நாற்றம், ஈ மூன்றுமே அங்கிருந்து வருபவைதான்.

ஜன்னலோரம் வைத்த தொட்டியில் தண்ணீர் மூன்று வழியாக வெளியே போகும். இலை வழியாக, மண்ணின் மேற்பரப்பு வழியாக, அடி ஓட்டை வழியாக. கூண்டுக்குள் காற்றே ஈரமாக இருப்பதால் முதல் இரண்டும் மந்தமாகிவிடுகின்றன. அசையும் காற்று இல்லை, வெளிச்சமும் குறைவு என்றால் இலை இன்னும் குறைவாகத்தான் உறிஞ்சும். பீங்கான் தொட்டியில் மூன்றாவது வழியும் அடைப்பு. இப்படி எல்லா வாசலையும் சாத்திவிட்டு, தினம் இரண்டு வேளை மேலே தண்ணீர் தெளிக்கிறோம். வரவேற்பறையில் வருடக்கணக்கில் தழைத்த அதே மணி பிளான்ட், அதே மண்ணோடு கூண்டுக்குள் போனதும் சில வாரங்களில் அழுகத் தொடங்குவதில் ஆச்சரியம் இல்லை.

இங்கே ஒரு சந்தேகம் வரும். மணி பிளான்டை வெறும் தண்ணீர் பாட்டிலில் போட்டு வளர்க்காத வீடு உண்டா? தண்ணீரிலேயே வளரும் செடி ஈர மண்ணில் ஏன் அழுக வேண்டும்? வேரைக் கொல்வது தண்ணீர் அல்ல, காற்று இல்லாமை. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். பாட்டிலில் முளைக்கும் வேர் அந்தச் சூழலுக்கு ஏற்றபடி, உள்ளே காற்றறைகளோடு வளர்கிறது. பாட்டில் தண்ணீரில் மட்குவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, தண்ணீரை மாற்றவும் செய்கிறோம். தொட்டி மண்ணில் நிலைமை வேறு. அங்கே வளர்ந்தவை காற்றிடைவெளிக்குப் பழகிய வேர்கள். மண்ணில் உள்ள மட்கும் பொருள்களைத் தின்னும் நுண்ணுயிர்கள் இருக்கிற கொஞ்சம் ஆக்சிஜனையும் முடித்துவிடும். அதற்குப் பிறகு ஆக்சிஜன் தேவைப்படாத பாக்டீரியாக்கள் தலையெடுக்கும். உங்களுக்கு வரும் அழுகிய முட்டை போன்ற நாற்றம் அவற்றின் வேலை. மூச்சுத் திணறிச் செத்த வேர் நுனிகளில் பித்தியம் போன்ற வேரழுகல் கிருமிகள் நுழைகின்றன. செடி வாடும். வாடுவதைப் பார்த்து நாம் இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம்.

அடுத்தது, தொட்டியின் அடியில் தேங்கும் தண்ணீர். பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கி எடுத்து, தட்டையாகப் படுக்க வைத்துப் பிடியுங்கள். சொட்டி முடிந்து நின்றுவிடும். இப்போது பிழியாமல் அப்படியே செங்குத்தாகத் திருப்புங்கள். நின்றுபோன சொட்டு மறுபடி ஆரம்பிக்கும். ஸ்பாஞ்ச் அதேதான், தண்ணீரும் அதேதான், உயரம் மட்டும் மாறியிருக்கிறது. தொட்டி மண்ணும் இப்படித்தான். வடிந்து முடிந்த பிறகும் அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீர் முழுதாக நிறைந்தே நிற்கும். அந்த உயரத்தைத் தீர்மானிப்பது மண்ணின் துகள் அளவு. தொட்டியின் அளவுக்கு அதில் பங்கு இல்லை. பொடியான மண் என்றால் அதிக உயரம், கரடான மண் என்றால் குறைவு. உதாரணமாக உங்கள் கலவையில் அது 4 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 12 செ.மீ. உயரத் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்தான் சேறு. 6 செ.மீ. ஆழமுள்ள உங்கள் ஸ்நேக் பிளான்ட் சட்டியில் மூன்றில் இரண்டு பங்கு சேறு. ஆழம் குறைந்த சட்டி சீக்கிரம் காயும் என்று நினைத்துத்தான் பலரும் அதில் ஸ்நேக் பிளான்ட் வைக்கிறார்கள். கூண்டின் ஈரக் காற்றில் அது அப்படி நடப்பதில்லை.

அடியில் கூழாங்கல் போட்டால் தண்ணீர் வடியும் என்பதையும் இதோடு சேர்த்துக் கைவிட்டுவிடலாம். பொடி மண்ணிலிருந்து கரட்டுக் கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. மண் முழுக்க நிறைந்த பிறகுதான் சொட்டும். ஆக, சேற்றுப் பகுதி கல்லுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், வேருக்கு இன்னும் பக்கத்தில். "அப்படியானால் பயோஆக்டிவ் கூண்டில் அடியில் களிமண் உருண்டை அடுக்குகிறார்களே?" பயோஆக்டிவ் என்றால் கூண்டின் தரையிலேயே மண் போட்டுச் செடியும் சிறு பூச்சிகளும் வளர்ப்பது; அது வேறு காரியம். கண்ணாடிக் கூண்டுக்கு அடியில் ஓட்டை கிடையாது. மிஞ்சிய தண்ணீர் மண்ணைத் தொடாமல் தேங்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காக வலை விரித்து அந்த அடுக்கு போடப்படுகிறது. ஓட்டை உள்ள தொட்டிக்கு அது தேவையே இல்லை. ஓட்டை இல்லாத தொட்டியைக் கூண்டுக்குள் வைக்கவே கூடாது என்பது என் கட்சி. பீங்கான் அழகாக இருந்தால், அதற்குள் ஓட்டையுள்ள பிளாஸ்டிக் நர்சரி தொட்டியை இறக்கி வையுங்கள்.

தேங்கும் உயரத்தைக் குறைக்க ஒரு பழைய தந்திரம் உண்டு. நைலான் கயிறு ஒரு முழம் எடுத்து, செடி வைக்கும்போது தொட்டியின் அடியில் ஒரு சுற்று சுற்றி, மீதியை ஓட்டை வழியே 7, 8 செ.மீ. வெளியே தொங்க விடுங்கள். தண்ணீர் ஊற்றி, சிங்க் மேல் தூக்கிப் பிடித்தால் கயிற்று நுனியிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். ஓட்டை வழியாகத் தானாக வராத தண்ணீர் அது. ஸ்நேக் பிளான்டுக்கு இது மிகவும் பயன்படும். கூண்டுக்குள் திரும்ப வைக்கும்போது அந்த நுனி கூண்டின் ஈரத் தரையைத் தொடக்கூடாது. தொட்டால் எதிர்த்திசையில் வேலை செய்யும், தரையின் ஈரத்தைத் தொட்டிக்குள் ஏற்றிவிடும். நுனியைச் சுருட்டி அடி ஓட்டைக்குள்ளேயே செருகிவிடுங்கள்.

இனி மண். நம் ஊர் மாடித்தோட்டக் கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம்: செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, தொழு உரம் ஒரு பங்கு. மொட்டைமாடி வெயிலில் அது சரி. சித்திரை மாதத்தில் தினம் இரண்டு வேளை ஊற்றினாலும் காய்ந்துவிடுகிற இடத்துக்கு, தண்ணீரைப் பிடித்து வைக்கும் மண்தான் வேண்டும். கூண்டில் தேவை நேர் எதிர். செம்மண்ணின் களிப் பகுதி இடைவெளிகளை அடைத்துவிடும். அரைகுறையாக மட்கிய சாணம் அம்மோனியா விடும், ஈயை அழைக்கும், கிருமியும் கொண்டு வரும். தோட்டத்து மண்ணும் வேண்டாம். எந்தப் பூச்சிமருந்து பட்ட மண், எந்தப் பூச்சி முட்டை இருக்கும் மண் என்று தெரியாது.

கடை பாட்டிங் மிக்ஸின் பிரச்சினை வேறு. பெரும்பாலும் அது பொடியான பீட் (பாதி மட்கிய பாசி), கொஞ்சம் பெர்லைட் (வெள்ளையான, லேசான பொரிகல்), மெதுவாகக் கரையும் உர உருண்டைகள். ஈரத்தைத் தேக்கி வைக்கும் ஜெல் படிகங்கள் சேர்த்தவையும் உண்டு. பையில் "மாய்ஸ்சர் கண்ட்ரோல்" என்று போட்டிருந்தால் கூண்டுக்குச் சுத்தமாக ஆகாது. உர உருண்டைகள் பார்ப்பதற்குச் சின்னப் பூச்சி முட்டை போல மஞ்சளாகவோ பச்சையாகவோ மேலே கிடக்கும். பூச்சியைப் பிடிக்கப் பாயும் கெக்கோவின் நாக்கில் அவை ஒட்டக்கூடாது. பெர்லைட் நச்சு இல்லை. ஆனால் லேசாக இருப்பதால் ஒவ்வொரு முறை தண்ணீர் பட்டும் மேலே மிதந்து வந்து, வெள்ளை வெள்ளையாகக் கண்ணை உறுத்தும், பல்லியின் வாய்க்கும் எட்டும். அதே வேலையைச் செய்யும் பியூமிஸ் கல் கனமானது, இருந்த இடத்தில் இருக்கும். வெர்மிகுலைட் தண்ணீரைப் பிடித்து வைக்கும், நாளடைவில் நசுங்கியும் போகும். விட்டுவிடுங்கள்.

நான் பரிந்துரைக்கும் கலவை, கொள்ளளவில்: கோகோபீட் 2 பங்கு, ஆர்க்கிட் செடிக்கு விற்கும் ஃபர் மரப்பட்டை 2 பங்கு, பியூமிஸ் அல்லது எரிமலைக் கல் துண்டு 1 பங்கு, மரக்கரித் துண்டு அரைப் பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. இது மணி பிளான்டுக்கு. ஸ்நேக் பிளான்டுக்குக் கோகோபீட் 1, மரப்பட்டை 1, பியூமிஸ் 3, உரம் எதுவும் வேண்டாம். ஃபெர்ன் மட்டும் ஈரம் கேட்கும். அதற்கு முதல் கலவையில் பியூமிஸை எடுத்துவிட்டு, நறுக்கிய ஸ்பாக்னம் பாசி ஒரு பங்கு சேருங்கள். மரப்பட்டை வாங்கும்போது சீடர் மரம் கலக்காததா என்று பாருங்கள். அந்த வாசனை எண்ணெய் ஊர்வனவற்றுக்கு ஆகாது. மரக்கரி என்றால் வெறும் மரக்கரி. பார்பெக்யூ கரிக்கட்டியில் பசையும் பற்றவைக்கும் திரவமும் கலந்திருக்கலாம்.

மெனக்கெட நேரம் இல்லையென்றால் ஏபிஜி மிக்ஸ் என்று ரெடிமேடாகவே கிடைக்கும். அட்லாண்டா தாவரவியல் பூங்காவில் உருவான கலவை என்பதால் அந்தப் பெயர். மரப்பெரணி நார், மரப்பட்டை, பீட், ஸ்பாக்னம், மரக்கரி சேர்ந்தது. ஈரமான கண்ணாடிக் கூண்டுக்காகவே யோசித்துச் செய்தது. விலைதான் அதிகம். ஸ்நேக் பிளான்டுக்கு அதுவும் கொஞ்சம் ஈரம்தான், பாதிக்குப் பாதி பியூமிஸ் கலந்துகொள்ளுங்கள்.

கோகோபீட் பற்றி இரண்டு வார்த்தை. நீங்கள் டொரொண்டோவில் வாங்கும் கட்டி பொள்ளாச்சிப் பக்கம் அமுக்கியதாகவே இருக்கலாம். தென்னை நார் தொழிற்சாலைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியம், சோடியம் உப்புகள் உண்டு. மட்டையை உப்பங்கழியில் ஊற வைத்திருந்தால் இன்னும் அதிகம். கழுவிய கட்டியில் "லோ இசி", அதாவது உப்பு குறைவு என்று குறிப்பிட்டிருப்பார்கள். ஊர்வனவற்றுக்கென விற்கும் கட்டியில் இந்த விவரமே பல நேரம் இருக்காது. ஊற வைத்து, துணியில் கட்டிப் பிழிந்து, மறுபடி ஊற வைத்துப் பிழியுங்கள். காப்பி நிறத்தில் வரும் தண்ணீர் வெளுக்கும் வரை செய்தால் போதும். பிறகு சல்லடையில் போட்டு மாவு போன்ற தூளைத் தட்டி விடுங்கள். இந்தத் தூள்தான் இடைவெளிகளை அடைக்கும் எதிரி. மரப்பட்டையிலும் பியூமிஸிலும் கூடப் பை அடியில் இது சேர்ந்திருக்கும், தண்ணீரில் அலசி எடுங்கள். எல்லாம் கலந்த பின் ஒரு கைப்பிடி எடுத்து நனைத்து அழுத்துங்கள். விரலைத் திறந்ததும் உதிர வேண்டும். கொழுக்கட்டை போல நின்றால் மரப்பட்டை இன்னும் வேண்டும்.

தொட்டி அளவில் தாராளம் காட்டாதீர்கள். வேர்க்கட்டியைவிட 2, 3 செ.மீ. அகலம் அதிகம் போதும். வேர் எட்டாத மண்ணில் தண்ணீரைக் குடிக்க ஆள் இல்லை, அது அப்படியே கிடந்து புளிக்கும். மண்தொட்டியா பிளாஸ்டிக்கா என்றால், வெளியே மண்தொட்டிக்கு இருக்கும் மகிமை 70 சதவீத ஈரப்பதத்தில் பெரிதாக இல்லை. மேலே பாசி பிடிக்கும், கனமாக இருப்பதால் எடை பார்க்கவும் தொல்லை. பிளாஸ்டிக்கே போதும்.

இந்தக் கலவைக்கு மாறிவிட்டால் தண்ணீர் ஊற்றுவது எளிது, ஆனால் பழக்கத்தை மாற்ற வேண்டும். கூண்டுக்குள் வைத்தபடி ஊற்றாதீர்கள். தொட்டியை வெளியே எடுத்து, சிங்க்கில் வைத்து, அடி வழியாக நன்றாக ஓடும் வரை ஊற்றி, அரை மணி நேரம் வடிய விட்டுத் திரும்ப வையுங்கள். உப்பும் அதோடு அடித்துக்கொண்டு போய்விடும். கொஞ்சமாக ஊற்றினால் அழுகாது என்ற எண்ணம் தவறு. அரை டம்ளர் அரை டம்ளராக அடிக்கடி ஊற்றுவதுதான் மண்ணை ஓயாமல் ஈரமாக வைத்திருக்கும். ஊற்றினால் முழுக்க ஊற்றுங்கள், பிறகு காயும் வரை கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

எப்போது காய்ந்தது என்று எப்படித் தெரியும்? விரலை விட்டுப் பார்ப்பது கூண்டுக்குள் பொய் சொல்லும். ஸ்ப்ரே பட்டு மேல் ஒரு விரற்கடை எப்போதும் ஈரமாக இருக்கும், அடியில் காய்ந்து சருகாகியிருக்கலாம். சில நேரம் தலைகீழாக, மேலே கோகோபீட் வெளிர் நிறமாகக் காய்ந்து தெரியும், அடியில் சேறு. இரண்டு முள் வைத்த ஈரமானிக் கருவியும் இந்தக் கரட்டு மண்ணில் நம்பத்தக்கதல்ல. முள்ளைச் சுற்றிக் காற்று இருந்தால் "டிரை" என்று காட்டிவிடும்.

சமையலறைத் தராசு போதும். தண்ணீர் ஊற்றி வடிந்ததும் தொட்டியை எடை போட்டு, பிளாஸ்டிக்கின் பக்கத்திலேயே மார்க்கரில் எழுதுங்கள். 640 கிராம் என்று வைத்துக்கொள்வோம். சில நாள் கழித்து, ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி ஐந்து நிமிடம் விட்டு எடுங்கள். குச்சியின் கீழ்ப்பாதியில் ஈரக்கறை இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். நுனியில் மட்டும் லேசாக ஈரம் தெரியும் நாளில் எடை பாருங்கள், உதாரணத்துக்கு 450. இனி உங்கள் மணி பிளான்டுக்கு 640, 450 என்ற இரண்டு எண்கள்தான் கணக்கு. குச்சிகூட வேண்டாம், தூக்கினால் கையே சொல்லிவிடும். ஸ்நேக் பிளான்டுக்குக் குச்சி முழுக்கக் காய்ந்து, அதற்கு மேலும் சில நாள் போகட்டும். ஃபெர்னுக்குக் குச்சியின் பாதி வரை ஈரம் இருக்கும்போதே ஊற்றலாம். செடி வளர வளர அதன் எடையும் கூடும், அவ்வப்போது எண்ணைத் திருத்திக்கொள்ளுங்கள்.

இலை வாடியிருக்கிறதே என்று குழப்பம் வந்தாலும் எடைதான் தீர்ப்பு. தொட்டி லேசாக இருந்து வாடினால் தாகம். கனமாக இருந்தும் வாடினால் வேர் போய்க்கொண்டிருக்கிறது, ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள். மணி பிளான்டின் இலை நுனியில் காலையில் ஒரு துளி நின்றால் அது நோய் அல்ல. இரவில் வேர் ஏற்றிய தண்ணீர் வெளியே வருகிறது. தினமும் நின்றால் மண் தேவைக்கு மேல் ஈரம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து ஸ்ப்ரே. கிரெஸ்டட் கெக்கோவின் பூர்வீகம் பசிபிக்கில் உள்ள நியூ கலிடோனியா. அழிந்துவிட்டது என்றே கருதப்பட்டு 1994-இல் மறுபடி கண்டுபிடிக்கப்பட்ட பல்லி இது. அதற்குத் தேவை நாள் முழுக்க ஈரம் அல்ல, ஏற்ற இறக்கம். இரவு ஸ்ப்ரே செய்ததும் 80 சதவீதத்துக்கு ஏறி, பகலில் 50, 60-க்கு இறங்க வேண்டும். எப்போதும் ஈரமாகவே இருந்தால் பல்லிக்கும் தோலில், மூச்சில் பிரச்சினை வரும். ஆக, செடிக்கு நல்லதும் பல்லிக்கு நல்லதும் இங்கே ஒன்றுதான். இரவு விளக்கணைந்த பின் தாராளமாகத் தெளியுங்கள், அதுதான் அது விழித்து நடமாடும் நேரம். காலையில் லேசாகப் போதும், கூண்டுக் காற்றின் ஈரமானி 60-க்கு மேல் காட்டினால் அதுவும் வேண்டாம். ஸ்ப்ரேயின் வாயைக் கண்ணாடிச் சுவருக்கும் இலைகளுக்கும் திருப்புங்கள். கெக்கோ துளியை நக்கிக் குடிப்பது அங்கேதான். தொட்டி மண்ணுக்கு நேர் மேலே தெளிக்காதீர்கள். மண்ணின் மேல் காய்ந்த மாக்னோலியா அல்லது ஓக் இலைகளை இரண்டடுக்கு பரப்பினால் சிதறும் துளிகளில் பெரும்பகுதி அவற்றிலேயே நின்று ஆவியாகிவிடும், பல்லியின் வாயில் மண்ணும் படாது.

மேல்வலையில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பாதிக்கு மேல் எடுத்துவிடுங்கள். இந்த வகைக் கூண்டுகளில் கதவுக்குக் கீழே ஒரு காற்றுப்பட்டை இருக்கும். அங்கே நுழையும் காற்று சூடேறி மேல்வலை வழியே போக வேண்டும். மேலே அடைத்தால் அந்த ஓட்டம் நின்றுவிடும். டொரொண்டோ குளிர்காலத்தில் ஹீட்டரால் வீட்டுக்குள் காற்று மிகவும் உலர்ந்துபோவது உண்மைதான். அதற்கு அறையில் ஒரு ஹ்யூமிடிஃபையர் ஓட விடுங்கள், உங்கள் தோலுக்கும் நல்லது. தொட்டிக்கு அடியில் ஹீட் மேட் வைக்கும் யோசனை இருந்தால் வேண்டாம். இந்தப் பல்லிக்கு 22 முதல் 26 டிகிரி போதும், 28-ஐத் தாண்டினாலே அவதிப்படும்.

வெளிச்சத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் "தண்ணீர் அதிகம்" என்று வரும் புகாரில் பாதி உண்மையில் "வெளிச்சம் குறைவு". செடி வேலை செய்தால்தான் தண்ணீர் குடிக்கும். பல்லிக்கு வைக்கும் யுவிபி (புற ஊதாக் கதிர்) குழல்விளக்கு செடிக்குப் போதாது. 5,000 முதல் 6,500 கெல்வின் (பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை) உள்ள எல்இடி பட்டை ஒன்றை மேல்வலையின் மீது வைத்து 12 மணி நேரம் எரிய விடுங்கள். அதன் பின் தொட்டியின் எடை எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று தராசிலேயே பார்க்கலாம்.

சரி, இப்போது உங்கள் கையில் உள்ள செடிகள். மணி பிளான்டை இன்றே பிடுங்கிவிடுங்கள். வேரைக் குழாயில் அலசுங்கள். வெள்ளையாக, கெட்டியாக இருப்பது உயிருள்ள வேர். பழுப்பாக, இழுத்தால் தோல் உருவி உள்ளே நூல் மட்டும் மிஞ்சுவது செத்த வேர், கத்தரித்துவிடுங்கள். பாதிக்கு மேல் போயிருந்தால் அதைக் காப்பாற்ற மெனக்கெடாமல், கணுவோடு நாலைந்து தண்டுகளை வெட்டித் தண்ணீரில் போடுங்கள். சில வாரங்களில் புது வேர் வரும். பழைய மண்ணை வீட்டை விட்டே வெளியேற்றுங்கள், கூண்டின் தரையில் கொட்டாதீர்கள். புதிதாகச் செடி வாங்கினாலும் இதே அலசல்தான். நர்சரி மண்ணில் உரமும், வேர் வழியே இலைக்கு ஏறும் பூச்சிமருந்தும் இருக்கலாம். இலையில் நிற்கும் துளியைத்தான் உங்கள் கெக்கோ குடிக்கிறது. புதுச் செடியை மண் மாற்றி, இலையைக் கழுவி, குறைந்தது ஒரு மாதமாவது வெளியே வைத்துப் புது இலை விட்ட பிறகு உள்ளே கொண்டு போங்கள்.

அந்தப் பொடி ஈக்கள் ஃபங்கஸ் நாட். புழு மண்ணின் மேல் 5 செ.மீ.க்குள் பூஞ்சையைத் தின்று வாழும், இளம் வேரையும் கடிக்கும். முட்டையிலிருந்து ஈயாக மூன்று நான்கு வாரம் ஆகும். மண்ணை மாற்றி மேற்பரப்பைக் காய விட்டாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஃபெர்ன் போல ஈரம் தேவைப்படும் தொட்டிக்கு, ஊற்றும் தண்ணீரில் பிடிஐ பாக்டீரியா கலந்து ஊற்றலாம். கொசுப்புழுவுக்குப் பயன்படுத்தும் அதேதான், ஈப்புழுவை மட்டும் கொல்லும். மஞ்சள் ஒட்டுத்தாளைக் கூண்டுக்குள் வைக்கவே வைக்காதீர்கள். பல்லி ஒட்டிக்கொண்டால் தோல் உரியும், வாலும் போகும். கிரெஸ்டட் கெக்கோவுக்குப் போன வால் திரும்ப முளைக்காது. தாளைக் கூண்டுக்கு வெளியே வையுங்கள், தப்பி வருபவை அங்கே சிக்கும். கெக்கோவுக்கு வைக்கும் பழக்கூழ் உணவு தொட்டி மண்ணில் சிந்தினாலும் ஈ வரும். கிண்ணத்தைத் தொட்டிக்கு மேலே மாட்டாதீர்கள்.

வேறு ஊர்வன வளர்ப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு எச்சரிக்கை. மணி பிளான்ட் கெக்கோ கூண்டில் பிரச்சினை இல்லை, அது இலை தின்னாது. இக்வானா, பியர்டட் டிராகன் போல இலை தின்னும் விலங்கு என்றால் வேண்டாம். அதில் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் உண்டு, வாய் புண்ணாகும். பியர்டட் டிராகன் கூண்டில் தொட்டியை விளக்குக்கு நேர் கீழே வைக்காமல் குளிர்ந்த பக்கம் வைத்து, எப்போதும் வெளியே எடுத்தே தண்ணீர் ஊற்றி, ஒரு நாள் முழுக்க வடிந்த பிறகு உள்ளே வையுங்கள். அங்கே ஈர மண் செடியை அழுகவிடுவதோடு நிற்காது, காற்றின் ஈரத்தை ஏற்றி விலங்கின் நுரையீரலையும் பாதிக்கும்.

கடைசியாக, உங்கள் கெக்கோ ஆணா பெண்ணா என்று கேள்வியில் இல்லை. பெண் என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. ஆண் துணையே இல்லாவிட்டாலும் சில பெண் கெக்கோக்கள் முட்டையிடும், ஒரு தடவைக்கு இரண்டு. தோண்டிப் புதைக்க ஈர மண் தேடும். இத்தனை நாள் உங்கள் சேற்றுத் தொட்டிகளே அதற்கு வசதியாக இருந்திருக்கும். இப்போது மரப்பட்டையும் பியூமிஸுமாக மண்ணை மாற்றிக் காயவும் விட்டால், அதற்குத் தோண்ட இடம் இருக்காது. தோதான இடம் கிடைக்காமல் முட்டையை உள்ளேயே அடக்கி வைத்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் மண் மாற்றும் அன்றே, பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றின் மூடியில் பல்லி நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, பிழிந்த ஈரக் கோகோபீட்டை 10 செ.மீ. ஆழத்துக்கு நிரப்பி, கூண்டின் மூலையில் வைத்துவிடுங்கள். பழைய தொட்டி மண்ணைக் கொட்டும்போதும் விரலால் கிளறிப் பார்த்துக் கொட்டுங்கள், வெள்ளையாக முட்டை கிடந்தாலும் கிடக்கும்.